கிரேஸ் ஹாப்பர்: முகவரிக் கணக்கை மனிதர்களின் தலையிலிருந்து இறக்கி வைத்தவர்

இரவு 2 மணி. ஆன்-கால் டியூட்டியில் நீங்கள். சர்வர் படுத்துவிட்டது. லாக் ஃபைலைத் திறந்தால் ஒரே ஒரு வரிதான்: 401136 என்ற முகவரியில் புரோகிராம் நின்றுவிட்டது. எந்த ஃபங்ஷன்? எந்த வேரியபிள்? எந்த வரி? எதுவும் இல்லை. வெறும் எண்.

அதே கோளாறு இன்னொரு டீமுக்கும் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் கோடை கம்பைல் செய்தபோது ஒரு சின்ன ஆப்ஷனைச் சேர்த்திருந்தார்கள். அவர்களுக்கு அந்த எண் தானாகவே பெயராக மாறித் தெரிகிறது: சம்பளக் கணக்கு ஃபைல், 42-வது வரி, பிடித்தத் தொகையை எடுக்கும் இடம். பத்து நிமிஷத்தில் வேலை முடிந்தது, தூங்கப் போய்விட்டார்கள்.

இந்த இரண்டு டீமுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்தின் பெயர் டீபக் தகவல். கம்பைலர் உங்கள் கோடை மெஷின் மொழிக்கு மாற்றும்போதே, எந்த முகவரி எந்த வரியிலிருந்து வந்தது என்று எழுதிவைக்கும் குறிப்பு அது.

இதைப் புரிந்துகொள்ள ஒருவருடைய வாழ்க்கை நன்றாக உதவும். அவர் கிரேஸ் ஹாப்பர். டீபக் தகவலை அவர் கண்டுபிடிக்கவில்லை. அது பின்னால் வந்த பலருடைய உழைப்பு. ஆனால் முகவரிகளை மனிதர்கள் கையால் கூட்டிக்கொண்டிருந்த காலத்தில், அந்தக் கூட்டலை கம்ப்யூட்டரே செய்யட்டும் என்று செய்து காட்டியவர்களில் முக்கியமானவர் அவர். இன்று உங்கள் டீபக்கர் செய்வது அதே கணக்கின் கழித்தல்.

யார் இந்த கிரேஸ் ஹாப்பர்?

1906 டிசம்பர் 9 அன்று நியூயார்க்கில் பிறந்தார். ஏழு வயதில், அலாரம் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க ஒன்றைப் பிரித்தார். திரும்பப் பூட்டத் தெரியவில்லை. இன்னொன்றைப் பிரித்துப் பார்த்தால் புரியும் என்று அடுத்ததை எடுத்தார். இப்படி வீட்டில் இருந்த ஏழு கடிகாரங்களையும் பிரித்துப் போட்ட பிறகுதான் அம்மாவுக்கு விஷயம் தெரிந்தது. இனிமேல் ஒரே ஒரு கடிகாரம்தான் என்று கணக்குத் தீர்க்கப்பட்டது.

வாஸர் கல்லூரியில் 1928-ல் கணிதமும் இயற்பியலும் படித்து முடித்தார். யேல் பல்கலைக்கழகத்தில் 1930-ல் முதுகலை, 1934-ல் கணிதத்தில் முனைவர் பட்டம். அந்தக் காலத்தில் கணிதத்தில் டாக்டரேட் வாங்கிய பெண்கள் மிகக் குறைவு. 1930-ல் வின்சென்ட் ஹாப்பரைத் திருமணம் செய்துகொண்டார். 1945-ல் மணமுறிவு. கணவர் பெயர் மட்டும் கடைசி வரை அவருடன் இருந்தது.

வாஸரிலேயே கணித ஆசிரியர் வேலை. 1941-ல் இணைப் பேராசிரியர். நிம்மதியான வாழ்க்கை என்றுதான் யாரும் சொல்வார்கள். அந்த ஆண்டு இறுதியில் அமெரிக்கா இரண்டாம் உலகப் போருக்குள் இறங்கியது. ஹாப்பர் கடற்படையில் சேர விண்ணப்பித்தார். வயது அதிகம், எடையோ விதி சொன்னதைவிட 15 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 7 கிலோ குறைவு. கணிதப் பேராசிரியர் என்பதால் அவருடைய வேலையும் போருக்குத் தேவையான ஒன்று என்று கருதப்பட்டது. எல்லாவற்றுக்கும் விலக்கு வாங்கிக்கொண்டு, 1943 டிசம்பரில் கடற்படையின் மகளிர் ரிசர்வ் பிரிவில் சேர்ந்தார். பயிற்சியில் முதலிடம்.

1944 ஜூலையில் அவரை அனுப்பிவைத்த இடம் ஒரு கப்பல் இல்லை. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த ஒரு பிரம்மாண்டமான மெஷின்.

51 அடி நீளக் கணக்குப்பிள்ளை

அதன் பெயர் மார்க் 1. ஹோவர்ட் எய்கன் வடிவமைத்து ஐபிஎம் கட்டியது. 51 அடி நீளம், 8 அடி உயரம். ஒரு வினாடிக்கு மூன்று கூட்டல். உங்கள் கையில் இருக்கும் போனுடன் ஒப்பிட்டால் சிரிப்பு வரலாம். ஆனால் 23 இலக்க எண்களைச் சோர்வில்லாமல் இரவும் பகலும் கூட்டும் மெஷின் அப்போது உலகத்தில் வேறு எத்தனை இருந்தன?

இதற்கு புரோகிராம் எழுதுவது என்றால் காகித நாடாவில் ஓட்டை போடுவது. ஒரு கட்டளைக்கு ஒரு வரிசை, வரிசைக்கு 24 இடங்கள். எங்கே ஓட்டை, எங்கே ஓட்டை இல்லை என்பதுதான் மொழி. எந்த எண்ணுள்ள கவுண்டரிலிருந்து மதிப்பை எடுத்து, எந்த எண்ணுள்ள கவுண்டருக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்ல வேண்டும். பெயர் எதுவும் கிடையாது. சம்பளம், வட்டி, கோணம் என்று நீங்கள் மனசில் வைத்துக்கொள்ளலாம். மெஷினுக்கு எல்லாம் எண்.

வந்து சேர்ந்த சில வாரங்களிலேயே அந்த மெஷினில் ஓடிய கணக்குகளில் ஒன்று ஜான் வான் நாய்மன் கொண்டுவந்தது. அது உள்நோக்கி வெடிக்கும் அதிர்வலை பற்றிய கணக்கு. அணுகுண்டுத் திட்டத்துக்கானது என்று அங்கே வேலை செய்தவர்களுக்கு அப்போது சொல்லப்படவில்லை. எண்கள் மட்டும் தெரியும்; அந்த எண்கள் எதைக் குறிக்கின்றன என்பது தெரியாது.

அந்த மெஷினை இயக்குவது எப்படி என்று 500 பக்கங்களுக்கு மேல் ஒரு கையேடு வேண்டும் என்றார் எய்கன். எழுதும் பொறுப்பு ஹாப்பருக்கு. 1946-ல் அது வெளியானது. மெஷினுக்கும் மனிதருக்கும் நடுவே நின்று மொழிபெயர்க்கும் வேலை அவருக்கு அங்கேயே தொடங்கிவிட்டது.

பூச்சிக் கதை: எது உண்மை?

ஹாப்பர் பெயரைக் கேட்டதும் பலருக்கு நினைவுக்கு வருவது அந்தப் பூச்சிதான். 1947 செப்டம்பர் 9, மார்க் 2 என்ற அடுத்த மெஷின். எஃப் பேனலில் 70-ம் ரிலேயில் ஒரு அந்துப்பூச்சி சிக்கியிருந்தது. அதை எடுத்து லாக் புத்தகத்தில் டேப் போட்டு ஒட்டி, நிஜமாகவே ஒரு பூச்சி கிடைத்துவிட்டது என்று வேடிக்கையாகக் குறிப்பு எழுதினார்கள். அந்தப் பக்கம் இப்போது அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

வாட்ஸ்அப்பில் வரும் கதையில் இரண்டு தவறு. ஒன்று, பூச்சியைக் கண்டுபிடித்தது ஹாப்பர் இல்லை. அவர் அந்தக் குழுவில் இருந்தார், பின்னாளில் மேடை மேடையாக இந்தக் கதையைச் சொன்னார். இரண்டு, கோளாறுக்கு பக் என்று பெயர் வந்தது அன்றைக்கு இல்லை. 19-ம் நூற்றாண்டிலேயே தாமஸ் எடிசன் அந்தச் சொல்லைக் கோளாறு என்ற பொருளில் பயன்படுத்தியிருக்கிறார். ஏற்கெனவே அப்படி ஒரு சொல் இருந்ததால்தான் அந்த வேடிக்கையே வேலை செய்தது.

ஆனால் இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது வேறு. அந்தக் கோளாறுக்கு ஒரு முகவரி இருந்தது: எஃப் பேனல், 70-ம் ரிலே. போய்ப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியும். மெஷின் வேகமாகி, புரோகிராம் மெமரிக்கு உள்ளே போன பிறகு அந்த வசதி போய்விட்டது. இனி கோளாறு கிடைத்தாலும் ஒரு எண்தான் கிடைக்கும். அதைப் பார்த்து எந்தப் பேனலைத் திறப்பது?

கூட்டலில் விழுந்த பிழைகள்

போர் முடிந்தது. நிரந்தரக் கடற்படைப் பணிக்கு வயது கடந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். ரிசர்வில் மட்டும் தொடர்ந்தார். வாஸர் பேராசிரியர் பதவியை வேண்டாம் என்றுவிட்டு ஹார்வர்டில் ஆராய்ச்சியாளராக நீடித்தார். அங்கே ஒரு பெண்ணுக்கு மேலே போக வழி இல்லை. ஒப்பந்தம் முடிந்ததும் 1949-ல் வெளியேறினார். அந்த ஆண்டுகளில் அவர் குடிப்பழக்கத்தோடு போராடியதையும் வாழ்க்கை வரலாறு எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். 42 வயதில், பாதுகாப்பான வேலை எதுவும் கையில் இல்லாமல், பிலடெல்பியாவில் எக்கர்ட்-மாக்லி என்ற சின்ன நிறுவனத்தில் சேர்ந்தார். இன்றைய மொழியில் சொன்னால் ஸ்டார்ட்-அப். அடுத்த ஆண்டே ரெமிங்டன் ராண்ட் நிறுவனம் அதை வாங்கிவிட்டது.

அங்கே உருவாகிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் யுனிவாக் 1. மெமரி வெறும் 1,000 சொற்கள், சொல்லுக்கு 12 எழுத்து. புரோகிராமும் அதற்குள்ளேதான், டேட்டாவும் அதற்குள்ளேதான்.

இங்கேதான் முகவரிப் பிரச்சினை தலைதூக்குகிறது. மெமரி என்பது எண் போட்ட பெட்டிகளின் நீண்ட வரிசை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹார்வர்ட் நாட்களிலேயே ஹாப்பரும் ரிச்சர்ட் பிளாக், ராபர்ட் கேம்பெல் போன்ற சகாக்களும் அடிக்கடி தேவைப்படும் கோடுத் துண்டுகளை நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்திருந்தார்கள். சைன் கணக்கிட ஒரு துண்டு, வர்க்கமூலத்துக்கு ஒரு துண்டு. தேவைப்படுபவர் வாங்கிக் காப்பி அடித்துக்கொள்ளலாம். கிட்ஹப் இல்லாத காலத்து கிட்ஹப்.

சிக்கல் என்ன? ஒவ்வொரு துண்டும் 0-வது பெட்டியில் தொடங்குவதாக எழுதப்பட்டிருக்கும். உங்கள் புரோகிராமில் அது 340-வது பெட்டியில் போய் உட்காரும். அப்படியென்றால் அந்தத் துண்டுக்குள் வரும் ஒவ்வொரு முகவரியோடும் 340-ஐக் கூட்ட வேண்டும். 7 என்றால் 347. 15 என்றால் 355. ஒரு இடத்தில் தப்பினாலும் புரோகிராம் எங்கேயோ போய் நிற்கும்.

மனிதர்களுக்கு இந்தக் கூட்டல் சரியாக வரவில்லை. காப்பி அடிப்பதும் சரியாக வரவில்லை. 4 என்று எழுதியது வேறு குறியாகத் தெரியும், பி என்ற எழுத்து 13 ஆகிவிடும். ஹாப்பரின் எரிச்சலான முடிவு எளிமையானது: மனிதர்கள் கூட்டுவதிலும் மோசம், காப்பி அடிப்பதிலும் மோசம். பக்கத்திலேயே நிற்கும் மெஷினோ இந்த இரண்டையும் மட்டும்தான் பிசகில்லாமல் செய்யும். அப்புறம் ஏன் நாம் செய்கிறோம்?

அவருக்கே நடந்த ஒரு கூத்தும் உண்டு. பைனாக் என்ற கம்ப்யூட்டருக்காக எட்டடிமான எண்களில் கூட்டிக் கழித்துப் பழகியவருக்கு, மாதக் கடைசியில் வங்கிக் கணக்கு இடிக்க ஆரம்பித்தது. வங்கியில் வேலை பார்த்த தம்பி உட்கார்ந்து பார்த்தபோது, அக்கா சில இடங்களில் எட்டடிமானத்தில் கழித்திருப்பது தெரிந்தது. மெஷின் மொழியில் மனிதர் சிந்திக்கத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சின்ன உதாரணம் வேண்டுமா?

1952: ஏ-ஜீரோ

அதே நிறுவனத்தில் பெட்டி ஹோல்பர்ட்டன், டேட்டாவை வரிசைப்படுத்தும் புரோகிராமைத் தானே எழுதித் தரும் ஒரு புரோகிராமை உருவாக்கியிருந்தார். கம்ப்யூட்டர் ஒரு புரோகிராமை எழுத முடியும் என்பதற்கு அது சாட்சி. ஹாப்பர் அதிலிருந்து தைரியம் பெற்றார். 1951 அக்டோபரில் தொடங்கிய வேலை 1952-ல் ஓடத் தொடங்கியது. பெயர் ஏ-ஜீரோ.

எப்படி வேலை செய்தது? கோடுத் துண்டுகள் எல்லாம் காந்த நாடாவில் ஒரு நூலகமாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு அழைப்பு எண். புரோகிராமர் செய்ய வேண்டியது, எந்தத் துண்டு, எந்த மதிப்புகளோடு என்று வரிசையாகச் சொல்வது. ஏ-ஜீரோ அந்தத் துண்டைத் தேடி எடுத்து, மெமரியில் எங்கே உட்கார வேண்டும் என்று தீர்மானித்து, உள்ளே இருக்கும் முகவரிகளோடு தொடக்க எண்ணைக் கூட்டி, முழு புரோகிராமை எழுதிக் கொடுத்துவிடும். பல இடங்களிலிருந்து எடுத்துத் தொகுக்கும் வேலை என்பதால்தான் கம்பைலர் என்று பெயர்.

இன்றைய அளவுகோலில் அது லிங்கர், லோடர் என்று நாம் சொல்வதற்குத்தான் நெருக்கமானது. உலகின் முதல் கம்பைலர் எது என்பதில் விவாதம் உண்டு. அதே 1952-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் அலிக் கிளெனி எழுதிய ஆட்டோகோடையும் சிலர் சொல்வார்கள். விவாதம் இருக்கட்டும். முகவரிக் கூட்டல் மனிதர் தலையிலிருந்து இறங்கிவிட்டது என்பதுதான் பெரிய மாற்றம்.

கூடைப்பந்து கற்றுக்கொடுத்த தந்திரம்

ஒரு நுட்பமான சிக்கல் மிச்சமிருந்தது. 5-வது படியிலிருந்து 12-வது படிக்குத் தாவ வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏ-ஜீரோ 5-வது படியை எழுதிக்கொண்டிருக்கும்போது 12-வது படி இன்னும் மெமரியில் வைக்கப்படவே இல்லை. அதன் முகவரி யாருக்கும் தெரியாது. தெரியாத முகவரிக்கு எப்படித் தபால் போடுவது?

கல்லூரி நாட்களில் ஹாப்பர் கூடைப்பந்து ஆடியவர். அந்தக் காலத்துப் பெண்கள் விதிப்படி பந்தை வைத்துக்கொண்டு ஓட முடியாது. பக்கத்தில் இருக்கும் சக வீராங்கனையிடம் பந்தைப் போட்டுவிட்டு முன்னால் ஓடிப் போய் நிற்க வேண்டும். அவர் திருப்பிப் போடுவார். இதையே கோடில் செய்தார். மெமரியின் கடைசியில் கொஞ்சம் இடத்தை ஒதுக்கி அதை நடுநிலை மூலை என்று வைத்துக்கொண்டார். 5-வது படி நேராக 12-க்குத் தாவாமல் அந்த மூலைக்குத் தாவும். அங்கே 12-க்கு ஒரு செய்தி காத்திருக்கிறது என்று ஒரு கொடி. பிறகு 12-வது படிக்கு இடம் ஒதுக்கும் நேரம் வந்ததும், அந்தக் கொடியைப் பார்த்து, மூலையிலிருந்து 12-க்கு இரண்டாவது தாவலை எழுதிவிடலாம். ஒரே ஓட்டத்தில் வேலை முடிந்தது.

முகவரி தெரியாத இடத்தைக் குறித்துவைத்து, தெரிந்த பிறகு நிரப்புவது. இன்றைய கம்பைலர்களும் லிங்கர்களும் இதே கருத்தின் மேல்தான் நிற்கின்றன, முறைகள் மாறியிருக்கலாம்.

நம்ப ஆள் இல்லை

ஏ-ஜீரோ ஓடியது. ஆனால் வாங்கத்தான் ஆள் வரவில்லை. கம்ப்யூட்டர் கணக்குப் போடும், புரோகிராம் எழுதாது என்பதே அன்றைய பொது நம்பிக்கை. ஓடும் புரோகிராமைக் கண் முன்னே காட்டினாலும் தயக்கம்.

ஹாப்பர் நிற்கவில்லை. முகவரியை விட்டோம், அடுத்து குறியீடுகளையும் விடலாம் என்றார். கணக்கர்கள் ஆங்கிலச் சொற்களில் எழுதட்டும், கம்பைலர் மாற்றிக்கொள்ளட்டும். நிர்வாகத்துக்குக் காட்டிய மாதிரியில் அதே புரோகிராமை பிரெஞ்சுச் சொற்களிலும் ஜெர்மன் சொற்களிலும் ஓட்டிக் காட்டினார். சொல் எதுவானாலும் கம்பைலருக்கு அது ஒரு குறிதான் என்று புரியவைப்பதே நோக்கம். விளைவு நேர் எதிர். பிலடெல்பியாவில் செய்த அமெரிக்க கம்ப்யூட்டருக்கு பிரெஞ்சும் ஜெர்மனும் எப்படித் தெரியும் என்று மேலதிகாரிகள் மிரண்டுவிட்டார்கள். இனி ஆங்கிலம் மட்டும்தான் என்று உறுதி கொடுத்துச் சமாளிக்க வேண்டியிருந்தது.

அந்த முயற்சி ஃப்ளோ-மேட்டிக் என்ற மொழியானது. 1959 மே மாதம் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பென்டகனில் கூடிய கூட்டத்திலிருந்து கோபால் என்ற பொது மொழி பிறந்தது. கோபாலை எழுதியது ஒரு குழு, ஜீன் சாமெட் உள்ளிட்ட பலர், ஹாப்பர் ஆலோசகர். ஆனால் அதன் முதுகெலும்பு ஃப்ளோ-மேட்டிக். 1960 டிசம்பரில் ஏறக்குறைய அதே கோபால் புரோகிராம் ஆர்சிஏ 501, யுனிவாக் 2 என்று இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் கம்ப்யூட்டர்களில் ஓடியது.

அது ஏன் பெரிய விஷயம்? இரண்டு மெஷினிலும் முகவரிகள் வேறு, கட்டளைகள் வேறு. எழுதியவருக்கு அதெல்லாம் தெரிய வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. 1990-களின் இறுதியில் ஒய்2கே வேலை இந்திய ஐடி நிறுவனங்களைத் தேடி வந்தபோது, திறந்து பார்த்த பழைய கோடில் பெரும்பங்கு கோபால்தான். உங்கள் அலுவலகத்து சீனியர் யாரையாவது கேட்டுப் பாருங்கள்.

சரி, இதில் என்ன தொலைந்தது?

இப்போது விஷயத்தின் மறுபக்கம். முகவரியை நாமே கூட்டிக்கொண்டிருந்தபோது ஒரு நன்மை இருந்தது: 347-வது பெட்டியில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியும், ஏனென்றால் வைத்தது நாம். கம்பைலர் வைக்கத் தொடங்கிய பிறகு அது கம்பைலருக்கு மட்டும்தான் தெரியும். வேலை முடிந்ததும் கம்பைலர் போய்விடும். மெஷினுக்கு உங்கள் பெயர்கள் தேவையில்லை. சம்பளம், பிடித்தம் எல்லாம் மறைந்து எண்கள் மட்டும் மிஞ்சும்.

சென்னையில் வீட்டு வாசல்களில் பழைய எண், புதிய எண் என்று இரண்டையும் எழுதிவைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். புதிய எண் மட்டும் இருந்தால் பழைய முகவரியோடு வருபவர் தெருவில் அலைய வேண்டியதுதான். டீபக் தகவல் என்பது அந்த இரட்டைப் பலகை. புரோகிராமைக் கம்பைல் செய்யும்போதே, மைனஸ் ஜி போன்ற ஒரு ஆப்ஷனைக் கொடுத்தால், கம்பைலர் மெஷின் கோடோடு இந்தப் பலகைகளையும் எழுதும். முக்கியமாக மூன்று வகை.

முதலாவது, வரிப் பட்டியல். 401120-ல் தொடங்குவது 40-வது வரி, 401129-ல் தொடங்குவது 41-வது வரி, 401134-ல் தொடங்குவது 42-வது வரி. இப்போது 401136-ல் கிராஷ் என்றால்? அந்த எண் பட்டியலில் நேரடியாக இல்லை. அதைத் தாண்டாத, அதற்கு மிக அருகில் உள்ள எண்ணைப் பார்க்க வேண்டும்: 401134. ஆக, 42-வது வரி. ஒவ்வொரு முகவரிக்கும் தனித்தனியாக எழுதினால் பட்டியல் பூதாகரமாகிவிடும் என்பதால், முந்தைய வரியிலிருந்து எத்தனை வரி, எத்தனை பெட்டி நகர வேண்டும் என்ற சுருக்கக் கட்டளைகளாகத்தான் சேமிக்கிறார்கள்.

இரண்டாவது, வேரியபிள் இருக்கும் இடம். பிடித்தம் என்ற வேரியபிள் எங்கே? பெரும்பாலும் நிலையான முகவரி கிடையாது. ஃபங்ஷன் ஓடும்போது ஸ்டாக்கில் அதற்கென்று ஒரு பகுதி ஒதுக்கப்படும். அந்தப் பகுதியின் அடிப்படையிலிருந்து 20 பைட் கீழே என்பது போலக் குறித்துவைப்பார்கள். அது முழு எண்ணா, எழுத்தா, எத்தனை பைட் என்பதும் கூடவே இருக்கும்.

மூன்றாவது, திரும்பும் வழி. இந்த ஃபங்ஷனை யார் அழைத்தார், அவரை யார் அழைத்தார் என்று பின்னோக்கிப் போவதற்கான குறிப்பு. இதில் ஒரு வேடிக்கை: ஸ்டாக்கில் கிடைப்பது அழைப்பு முடிந்து திரும்ப வேண்டிய முகவரி, அதாவது அழைத்த கட்டளைக்கு அடுத்த கட்டளை. அதை அப்படியே தேடினால் சில நேரம் அடுத்த வரியைக் காட்டிவிடும். அதனால் டீபக்கர்கள் ஒன்றைக் கழித்துவிட்டுத் தேடுகின்றன.

லினக்ஸ் உலகில் இதற்கான பொது வடிவம் ட்வார்ஃப், அதாவது குள்ளன். புரோகிராம் ஃபைலின் வடிவத்துக்கு எல்ஃப் என்று பெயர் இருந்ததால் அதற்கு ஜோடியாக வைத்த பெயர். அதன் 5-வது பதிப்பு 2017-ல் வந்தது. விண்டோஸில் இந்தத் தகவல் பிடிபி என்ற தனி ஃபைலில் இருக்கும்.

கூட்டலின் எதிர்ப்பக்கம்

இங்கே ஹாப்பரின் 340 கணக்கு திரும்ப வருகிறது. பாதுகாப்புக்காக, இன்றைய ஆபரேட்டிங் சிஸ்டங்கள் புரோகிராமை ஒவ்வொரு முறையும் மெமரியில் வேறு வேறு இடத்தில் ஏற்றுகின்றன. இன்று ஒரு தொடக்க எண், நாளை வேறு. டீபக் தகவலோ கம்பைல் செய்த நேரத்து எண்களில் இருக்கும். அதனால் கிராஷ் ஆன முகவரியிலிருந்து அன்றைய தொடக்க எண்ணைக் கழித்த பிறகுதான் பட்டியலில் தேட முடியும். அன்று ஏ-ஜீரோ கூட்டியது. இன்று டீபக்கர் கழிக்கிறது. ஒரே கணக்கு, எதிர்த் திசை.

சில நேரம் டீபக்கரில் ஒரு வேரியபிளைக் கேட்டால், ஆப்டிமைஸ் ஆகிப் போய்விட்டது என்று பதில் வரும். நொந்துபோயிருப்பீர்கள். காரணம் இதுதான்: வேகத்துக்காக கம்பைலர் அந்த வேரியபிளை மெமரியில் வைக்காமல், கொஞ்ச நேரம் ஒரு ரெஜிஸ்டரில் மட்டும் வைத்திருக்கும். தேவை முடிந்ததும் அதே ரெஜிஸ்டர் வேறு வேலைக்குப் போய்விடும். இந்த முகவரியிலிருந்து இந்த முகவரி வரை இந்த ரெஜிஸ்டரில், அதன் பிறகு எங்கும் இல்லை என்று டீபக் தகவல் நேர்மையாகச் சொல்கிறது. அதாவது வேகமும் விளக்கமும் ஒன்றையொன்று இழுக்கின்றன. ஹாப்பர் காலத்தில் கம்பைலரை எதிர்த்தவர்கள் சொன்னதும் வேகம் போய்விடும் என்பதைத்தான்.

ஓய்வு, திரும்ப அழைப்பு, 79 வயது

ஹாப்பரை 1966-ல் கடற்படை ரிசர்விலிருந்து ஓய்வு பெறச் சொன்னார்கள். 1967-ல் ஆறு மாத வேலைக்கு என்று திரும்ப அழைத்தார்கள். கடற்படையின் கோபால் புரோகிராம்களைச் சீராக்க வேண்டும். ஒவ்வொரு நிறுவனத்தின் கம்பைலரும் அதே மொழியைத் தன் பாணியில் புரிந்துகொண்டிருந்தது. கம்பைலர் சொன்னபடி நடக்கிறதா என்று சோதிக்கும் புரோகிராம்களை அவருடைய குழு உருவாக்கியது. ஆறு மாதம் என்பது ஏறக்குறைய 19 ஆண்டுகள் ஆனது.

அவர் அலுவலகச் சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது. முள் இடப்பக்கமாகச் சுற்றும். வழக்கமாக இப்படித்தான் செய்வோம் என்று யாராவது சொன்னால் அதைக் காட்டுவார். மேடைகளில் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் நீளக் கம்பித் துண்டுகளைக் கொடுப்பார். ஒரு நானோ வினாடியில் மின்சமிக்ஞை அதிகபட்சம் போகக்கூடிய தூரம் அது. கண்ணுக்குத் தெரியாத எண்ணைக் கையில் பிடிக்கும் பொருளாக்கிக் கொடுப்பதே அவர் பழக்கம்.

1986 ஆகஸ்ட் 14 அன்று, பாஸ்டன் துறைமுகத்தில் யுஎஸ்எஸ் கான்ஸ்டிட்யூஷன் கப்பலில், 79 வயதில் ரியர் அட்மிரலாக ஓய்வு பெற்றார். அதன் பிறகும் சும்மா இருக்கவில்லை, டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் ஆலோசகர். 1991-ல் அமெரிக்காவின் தேசிய தொழில்நுட்பப் பதக்கம். 1992 ஜனவரி 1 அன்று 85 வயதில் காலமானார். 2016-ல் அதிபரின் சுதந்திரப் பதக்கம் மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது.

உங்களுக்கு இதில் என்ன?

நீங்கள் கோடு எழுதுபவர் என்றால் ஒரு விஷயம். வாடிக்கையாளருக்குப் போகும் புரோகிராமிலிருந்து டீபக் தகவலை நீக்குவது வழக்கம்தான். பல நேரம் அது புரோகிராமைவிடப் பெரிதாக இருக்கும், உள்விவரத்தையும் வெளியே காட்டிவிடும். நீக்குங்கள், ஆனால் தூக்கிப் போடாதீர்கள். ஒவ்வொரு பில்டுக்கும் ஒரு அடையாள எண் உண்டு. அதே எண்ணுள்ள டீபக் ஃபைலைத் தனியாகப் பத்திரப்படுத்துங்கள். நாளைக்கு அதே கோடைத் திரும்பக் கம்பைல் செய்தால் முகவரிகள் அப்படியே வரும் என்று நம்ப முடியாது. கம்பைலர் பதிப்பு மாறினாலே போதும், எண்கள் நகர்ந்துவிடும். தவறான பட்டியல் இருப்பது, பட்டியலே இல்லாததைவிட மோசம். அது நம்பிக்கையோடு தவறான வரியைக் காட்டும்.

கோடு எழுதாதவர் என்றால் இன்னொரு விஷயம். வங்கி ஆப்பிலோ டிக்கெட் தளத்திலோ ஏதோ நின்றுபோய், தகவலை அனுப்பலாமா என்று உங்கள் போன் கேட்கும்போது, அங்கிருந்து பெரும்பாலும் கிளம்பிப் போவது இப்படிப்பட்ட எண்களின் வரிசைதான். மறுமுனையில் யாரோ ஒருவர் பட்டியலைப் பத்திரமாக வைத்திருந்தால்தான் அது ஒரு பதிலாகும்.

2022-ல் என்விடியா நிறுவனம் அறிவித்த, ஏஐ வேலைகளுக்கான ஜிபியு வடிவமைப்பின் பெயர் ஹாப்பர். அதற்குத் துணையான சிபியுவின் பெயர் கிரேஸ். அந்த ஜிபியுவில் ஓடும் கோடைத் தயாரிக்கும் கம்பைலரிலும், எந்தக் கட்டளை எந்த வரியிலிருந்து வந்தது என்று குறித்துவைக்க ஒரு ஆப்ஷன் இருக்கிறது. கேட்டால்தான் எழுதும். கேட்க மறக்காதீர்கள்.